தங்கம் மிகுந்த மைசீனி: முதல் முறை படிப்பவர்களுக்கும் போகிறவர்களுக்கும்

கிரீஸில் உள்ள பழங்காலக் கோட்டை நகரமான மைசீனிக்கு முதல் முறை போகிறவர்களில் பலர் ஒரு மணி நேரத்தில் இறங்கி வந்துவிடுகிறார்கள். சிங்க வாயிலில் ஒரு படம், குன்றின்மேல் ஒரு சுற்று, வெயில், தாகம், பிறகு பேருந்து. கதை தெரியாமல் போனால் அங்கே இருப்பது கற்குவியல்தான். கதையை மட்டும் நம்பிப் போனால் வேறு சிக்கல்: டிராய்ப் போரில் கிரேக்கப் படையை நடத்தியதாகக் கதை சொல்லும் மைசீனி அரசன் அகமெம்னானுக்கு 300 ஆண்டுகள் முன்னால் செத்தவரின் முகமூடியை அவன் முகம் என்று எண்ணிக்கொண்டு திரும்புவோம். கதையையும் கல்லையும் தனித்தனியே கற்றுக்கொண்டு, பிறகு சேர்த்துப் பார்த்தால் அந்தச் சிறிய குன்று பேச ஆரம்பிக்கும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. கிரீஸ் போகாமல் வீட்டில் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு முதல் மூன்று படிகளே போதும்.

படி 1: முதலில் உறவுமுறை போட்டுக்கொள்ளுங்கள்

கிரேக்கக் கதைகளைத் தொடங்கியவர்கள் கைவிடுவது பெரும்பாலும் பெயர்களால்தான். ஒரு முழுத்தாள் எடுத்து, நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் பெர்சியூஸ் வம்சம், வலப்பக்கம் பெலாப்ஸ் வம்சம் என்று எழுதிக்கொள்ளுங்கள். மைசீனியை ஆண்டவை இந்த இரண்டு குடும்பங்கள். தமிழில் முறை சொல்லிப் போட்டால் வேலை பாதியாகக் குறைகிறது. மாமன், பங்காளி, சகலை என்று நம்மிடம் தனித்தனிச் சொல் இருப்பது இங்கே பெரிய வசதி.

இடப்பக்கம்: பாம்புக்கூந்தல் அரக்கி மெடூசாவின் தலையை அறுத்த பெர்சியூஸ். ஆர்கோஸ் அரசன் அக்ரிசியஸின் மகள் வயிற்றுப் பேரன். வட்டெறியும் போட்டியில் கைதவறித் தாத்தாவைக் கொன்றுவிட்டதால் ஆர்கோஸில் அரியணை ஏற வெட்கப்பட்டு, அதை டிரின்ஸ் நகரோடு மாற்றிக்கொண்டான். மைசீனிக்கு மதில் எழுப்பினான். அவனுடைய மகன்களில் மூன்று பேர் நமக்கு வேண்டும்: அல்கேயஸ், எலெக்ட்ரியான், ஸ்தெனெலஸ். அல்கேயஸின் மகன் ஆம்ஃபிட்ரியான். எலெக்ட்ரியானின் மகள் அல்க்மீனி. இவர்கள் இருவரும் கணவன் மனைவி. அண்ணன் தம்பி பிள்ளைகள் ஆயிற்றே என்று நமக்கு இடறும். ஆனால் எலெக்ட்ரியான் மணந்தது அல்கேயஸின் மகள் அனாக்ஸோவை. ஆகவே ஆம்ஃபிட்ரியான் அல்க்மீனிக்குத் தாய்மாமனும் ஆகிறான். அப்படி வைத்துக்கொண்டால் மறக்காது.

அல்க்மீனிக்குக் கடவுளரின் அரசன் சீயஸ் வழியாகப் பிறந்தவன் ஹெராக்கிளீஸ். ஸ்தெனெலஸுக்குப் பிறந்தவன் யூரிஸ்தியஸ். அன்றைக்குப் பிறக்கும் பெர்சியூஸ் வம்சத்துப் பிள்ளையே நாடாளும் என்று சீயஸ் வாய்விட, பொறாமை கொண்ட சீயஸின் மனைவி ஹீரா யூரிஸ்தியஸை ஏழாம் மாதமே பிறக்கவைத்து, அல்க்மீனியின் பிரசவத்தைத் தள்ளிப்போட்டாள். அதனால் மைசீனியின் அரசன் யூரிஸ்தியஸ். அவன் ஏவலுக்குப் பன்னிரண்டு வேலை செய்தவன் ஹெராக்கிளீஸ். வயதில் இருவரும் ஏறக்குறையச் சமம். தாய்வழி முறையில் யூரிஸ்தியஸ் மாமன். வலிமை ஒருவனிடமும் அதிகாரம் இன்னொருவனிடமும் இருந்த இந்த ஏற்பாடுதான் பன்னிரண்டு வேலைகளின் கதைக்கே ஆதாரம். நெமியாச் சிங்கத்தைக் கொன்று தூக்கிவந்ததைப் பார்த்து அரண்ட யூரிஸ்தியஸ், இனி ஊருக்குள் வராதே, மதில் வாசலிலேயே காட்டு என்று சொல்லிவிட்டு, பதுங்குவதற்கு வெண்கலத்தில் ஒரு தாழி செய்து மண்ணுக்கடியில் புதைத்து வைத்துக்கொண்டான்.

வலப்பக்கம்: பெலாப்ஸின் மகன்கள் ஆத்ரியஸ், தையஸ்டீஸ். இவர்களுடைய சகோதரிதான் யூரிஸ்தியஸின் தாய். ஹெராக்கிளீஸின் பிள்ளைகளோடு போரிட யூரிஸ்தியஸ் ஏதென்ஸ் இருக்கும் அட்டிகா பகுதிக்குப் புறப்பட்டபோது ஊரைத் தாய்மாமன் ஆத்ரியஸ் பொறுப்பில் விட்டுப் போனான். திரும்பி வரவில்லை. அரியணை மாமனிடமே தங்கிவிட்டது. இரண்டு வம்சங்களையும் இணைக்கும் இந்த ஒரு கோட்டைத் தாளில் சிவப்பு மையில் போடுங்கள். இது பிடிபடாததால்தான் பெர்சியூஸின் ஊருக்கு அகமெம்னான் எப்படி அரசனானான் என்று பலர் குழம்புகிறார்கள்.

அதன் பிறகு நடப்பது பங்காளிச் சண்டை. ஆத்ரியஸின் மனைவியைத் தையஸ்டீஸ் கவர்ந்தான். பதிலுக்கு ஆத்ரியஸ் தையஸ்டீஸின் பிள்ளைகளையே சமைத்து அவனுக்குப் பரிமாறினான். ஆத்ரியஸின் மகன்கள் அகமெம்னான், மெனெலாஸ். தையஸ்டீஸின் மகன் ஏஜிஸ்தஸ்: அகமெம்னானுக்குப் பங்காளி. அண்ணன் தம்பி இருவரும் அக்கா தங்கையான கிளைட்டெம்நெஸ்ட்ராவையும் ஹெலனையும் மணந்ததால் சகலைகளும்கூட. மெனெலாஸின் மனைவி ஹெலன் டிராய்க்குப் போனதும் அண்ணன் படை திரட்டியது ஏன் என்பதற்கு இந்த இரட்டை உறவும் ஒரு விடை. அகமெம்னானின் பிள்ளைகள் இஃபிஜினியா, எலெக்ட்ரா, கிரிசோதெமிஸ், ஒரெஸ்டீஸ். தாள் நிறைந்துவிட்டது.

படி 2: எதை முன்னால், எதைப் பின்னால் படிப்பது

எல்லாவற்றையும் ஒரே கதையாகப் படித்தால் முரண்பாடுகள் தலையைச் சுற்றும். பழையதிலிருந்து புதியதற்கு வாருங்கள். எந்தப் புலவர் எதைச் சேர்த்தார் என்பது அப்போதுதான் தெரியும்.

டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் காவியமான இலியட்டின் 2ஆம் காண்டத்தில் தொடங்குங்கள். ஹோமருக்கு மைசீனி 'தங்கம் மிகுந்த' ஊர். 2ஆம் காண்டத்தின் கப்பல் பட்டியலில் அகமெம்னான் கொண்டுவந்தவை 100 கப்பல்கள், யாருக்கும் இல்லாத எண்ணிக்கை. கடலே இல்லாத ஆர்க்கேடியாக்காரர்களுக்கு மேலும் 60 கப்பல்களைக் கொடுத்தவனும் அவன்தான். அங்கேயே அவன் கைச்செங்கோலின் வரலாறும் வருகிறது: கொல்லர் கடவுள் ஹெஃபைஸ்டஸ் செய்து சீயஸுக்குத் தந்தது, தூதுக் கடவுள் ஹெர்மீஸ் வழியாகப் பெலாப்ஸுக்கு, பிறகு ஆத்ரியஸ், தையஸ்டீஸ், கடைசியில் அகமெம்னான். இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். செங்கோல் தையஸ்டீஸ் கையிலிருந்துதான் அகமெம்னானுக்கு வருகிறது. பிள்ளைக்கறி விருந்தைப் பற்றி ஹோமர் ஒரு சொல்லும் சொல்வதில்லை.

அடுத்து, போர் முடிந்து ஒடிசியஸ் ஊர் திரும்பும் கதையான ஹோமரின் ஒடிசியில் 1, 3, 4, 11ஆம் காண்டங்கள். 11இல் பாதாள உலகில் அகமெம்னானின் ஆவி தன் சாவைத் தானே சொல்கிறது: ஏஜிஸ்தஸ் விருந்துக்கு அழைத்து, தொட்டியில் தீனி தின்னும் மாட்டை வெட்டுவதுபோல் வெட்டினான் என்று. குளியலறை இல்லை, வலைபோல் போர்த்திய ஆடை இல்லை. அவை கி.மு. 458இல் ஏதென்ஸில் மேடையேறிய எஸ்கிலஸின் ஒரெஸ்டியா முந்நாடகத்தில்தான் நமக்கு முழுதாகக் கிடைக்கின்றன. அங்கே வெட்டுவது ஏஜிஸ்தஸோடு சேர்ந்துகொண்ட மனைவி கிளைட்டெம்நெஸ்ட்ரா, மூன்று வெட்டு. பிறகு மகன் ஒரெஸ்டீஸ் அவர்கள் இருவரையும் கொன்று பழிதீர்க்கிறான். அதையும் படித்த பிறகு சோஃபோக்ளீஸின் எலெக்ட்ரா, அதற்கடுத்து யூரிப்பிடீஸின் எலெக்ட்ரா.

இந்த வரிசையில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள் மூன்று. எஸ்கிலஸின் நாடகம் நடப்பது மைசீனியில் இல்லை, ஆர்கோஸில். கி.மு. 468 அளவில் ஆர்கோஸ் மைசீனியை அழித்துவிட்டது. சில ஆண்டுகளில் ஏதென்ஸும் ஆர்கோஸும் நட்பு நாடுகளாயின. அந்தச் சூழலில் எழுதிய நாடகம் அது. சோஃபோக்ளீஸில் திரை விலகும்போதே 'தங்கம் மிகுந்த மைசீனி' என்று கைகாட்டுகிறார்கள். ஆகவே அரண்மனை எந்த ஊரில் என்று இரண்டு நாடகங்களையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். இரண்டாவது, எலெக்ட்ரா என்ற பெயர் ஹோமரில் கிடையாது. மூன்றாவது, டிராய்க்குக் கப்பல் போகக் காற்று வேண்டி அகமெம்னான் மகள் இஃபிஜினியாவைப் பலியிட்டதும் ஹோமரில் கிடையாது. அகமெம்னான் தன் மகள்கள் என்று இலியட்டில் சொல்லும் மூன்று பெயர்கள் கிரிசோதெமிஸ், லவோடிகே, இஃபியனஸ்ஸா.

பெர்சியூஸ், ஹெராக்கிளீஸ் கதைகளுக்கு அப்பொல்லோடோரஸ் பெயரில் வழங்கும் தொகுப்பின் 2ஆம் நூல் போதும். கடைசியாக, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரீஸ் முழுதும் சுற்றிய பௌசானியஸின் 2ஆம் நூலில் 15, 16ஆம் அத்தியாயங்கள். சில பக்கங்கள்தான். அவற்றை மட்டும் அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள்.

ஊர்ப் பெயரின் தலபுராணமும் பௌசானியஸிடம்தான் இருக்கிறது. 'மிகேஸ்' என்றால் கிரேக்கத்தில் காளான். வாளுறையின் முனைக் குப்பியும் அதுவே. பெர்சியூஸின் உறைக்குப்பி இங்கே கழன்று விழுந்தது என்று ஒரு கதை. தாகத்தில் அவன் ஒரு காளானைப் பிடுங்க, அந்த இடத்தில் தண்ணீர் பீறிட்டது என்று இன்னொரு கதை. அந்த நீரூற்றுக்குப் பெர்சியா என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். குன்றின் மேல் தேவைப்படும்.

படி 3: இரண்டு காலக்கணக்கு

தாளைத் திருப்பி, பின்பக்கம் கல்லின் காலத்தை எழுதுங்கள். கி.மு. 17, 16ஆம் நூற்றாண்டுகள்: குழிக்கல்லறைகள், தங்கம் எல்லாம் இந்தக் காலம். சுமார் 1350: முதல் பெருமதில். சுமார் 1250: மதில் மேற்கிலும் தெற்கிலும் விரிகிறது, சிங்க வாயில் எழுகிறது. சுமார் 1200: வடகிழக்கு நீட்சியும் நிலத்தடி நீர்த்தொட்டியும். அதே காலத்தில் அரண்மனை எரிகிறது. டிராய் வீழ்ந்ததாகப் பழங்காலத்தார் கணித்த ஆண்டு கி.மு. 1184. ஹோமர் பாடல்கள் இன்றைய உருவம் பெற்றது கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டி.

இந்தச் சிறு பட்டியல் பல தவறுகளைத் தடுத்துவிடும். அங்கே பெயர்ப்பலகைகளில் வரும் ஆத்ரியஸ் கருவூலம், கிளைட்டெம்நெஸ்ட்ரா கல்லறை, ஏஜிஸ்தஸ் கல்லறை எல்லாம் பிற்காலத்தார் வைத்த பெயர்கள். ஏஜிஸ்தஸ் கல்லறை என்பது கிளைட்டெம்நெஸ்ட்ரா கல்லறையைவிட இரண்டு நூற்றாண்டுகளாவது மூத்தது. இருவரும் கதைப்படி ஒரே நாளில் செத்தவர்கள்.

படி 4: போய்ச் சேர்வது

ஏதென்ஸிலிருந்து சாலை வழியே சுமார் 120 கி.மீ. சொந்த வண்டி இல்லாதவர்கள் கிஃபிஸோஸ் பேருந்து நிலையத்தில் நாஃப்பிலியோ பேருந்து ஏறி ஃபிக்தி நிறுத்தத்தில் இறங்க வேண்டும். பேருந்து கோட்டை வாசல் வரை போகும் என்று நினைத்து வருபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்: ஃபிக்தியிலிருந்து கோட்டை ஏறக்குறைய 4 கி.மீ., மெல்ல ஏறும் சாலை. நிறுத்தத்தில் வாடகை வண்டி நிற்கும் என்று நம்பவேண்டாம். முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரவு தங்க நாஃப்பிலியோ நல்லது. அங்கிருந்து டிரின்ஸ் கோட்டையையும் ஒரே நாளில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல், மே அல்லது அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் போயே ஆகவேண்டுமென்றால் திறக்கும் நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். குன்றில் நிழல் கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள அடிப்பாகம் கொண்ட காலணி. மிதிபட்டு மிதிபட்டு வழுவழுத்துப்போன சுண்ணாம்புக்கல்லில் செருப்பு வழுக்கும், இறங்கும்போது இன்னும் மோசம். ஒரு கைவிளக்கும் வேண்டும். நீர்த்தொட்டிப் படிக்கட்டுக்கும் ஆத்ரியஸ் கருவூலத்தின் பக்கவறைக்கும் கைப்பேசி வெளிச்சம் பற்றாது.

ஒரே நுழைவுச்சீட்டில் கோட்டை, அருங்காட்சியகம், ஆத்ரியஸ் கருவூலம் மூன்றும் அடக்கம். கருவூலத்துக்குத் தனி வாசல் இருப்பதால் சீட்டைத் தொலைக்காதீர்கள்.

படி 5: காலையில் கருவூலம்

கிராமத்திலிருந்து ஏறிவரும்போது கோட்டைக்கு அரை கி.மீ. முன்னால் இடப்பக்கம் வருவது ஆத்ரியஸ் கருவூலம். பலர் இதைத் திரும்பும்போது பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, களைப்பில் பார்க்காமலே போகிறார்கள். இதன் வாசல் கிழக்கு நோக்கியது. காலை வெயில் நேராக உள்ளே விழும். சிங்க வாயிலோ வடமேற்கு நோக்கியது. காலையில் சிற்பத்தின் மேல் நிழல்தான். ஆகவே முதலில் இங்கே, பிறகு கோட்டை.

பெயர்தான் கருவூலம், உண்மையில் இது கல்லறை. பௌசானியஸ் காலத்திலேயே ஆத்ரியஸும் பிள்ளைகளும் செல்வம் வைத்த நிலவறைகள் என்ற பேச்சு இருந்தது. பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. 36 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் உள்ள நடைவழியில் மெதுவாக நடங்கள். வாசலின் உயரம் 5.4 மீட்டர். உள்ளே நுழையுமுன் அண்ணாந்து உத்திரக் கல்லைப் பாருங்கள்: இரண்டு கற்கள், அவற்றில் உட்பக்கக் கல் மட்டும் 120 டன் என்று மதிப்பிடுகிறார்கள். அதற்கு மேலே வெறுமையாக ஒரு முக்கோணம். அது உடைந்துபோன ஜன்னல் இல்லை. மேலிருந்து இறங்கும் பளு உத்திரத்தின் நடுவில் அழுத்தாமல் இரு பக்கச் சுவர்களுக்குப் பிரிந்து போக விட்ட இடைவெளி. ஒரு காலத்தில் செதுக்கிய பலகைக்கற்கள் அதை மூடியிருந்தன.

உள்ளே வட்டத்தின் நடுவில் நில்லுங்கள். விட்டம் 14.5 மீட்டர், உயரம் 13 மீட்டருக்கு மேல். வளைவுக்கல் எதுவும் இல்லாமல், 33 வரிகளில், ஒவ்வொரு வரியும் கீழ்வரியைவிடக் கொஞ்சம் உள்ளே நீண்டு, உச்சியில் குவிகிறது. வெளியே மேடாகக் குவித்த மண்ணின் பளுவே கற்களை அசையாமல் பிடித்திருக்கிறது. ரோமானியர் கட்டும்வரை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இதைவிடப் பெரிய கும்மட்டம் உலகில் கிடையாது. கைவிளக்கைச் சுவரில் படரவிட்டால் வரிசையாகச் சிறு துளைகள் தெரியும்; வெண்கலப் பூக்கள் பதித்திருந்த இடங்கள். வாசலின் இருபுறமும் நின்ற பச்சைக்கல் அரைத்தூண்களைத் தேடாதீர்கள், அவற்றில் பெரும்பகுதி லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த இடத்துக்கு அரை மணி நேரம் கொடுங்கள்.

படி 6: சிங்க வாயில்

மதிலின் கற்களை நெருங்கிப் பார்த்தால், இதைக் கட்டியவர்கள் சைக்ளோப்ஸ் என்னும் ஒற்றைக்கண் பூதங்கள் என்று பிற்காலக் கிரேக்கர் நம்பியது ஏன் என்று புரியும். மனிதர் தூக்கும் கல்லாக அவர்களுக்குத் தெரியவில்லை. மதிலின் சுற்றளவு சுமார் 900 மீட்டர்.

வாயிலுக்கு முன்னால் உள்ள குறுகிய முற்றத்தைக் கவனிக்காமல் எல்லோரும் சிற்பத்தை நோக்கி ஓடுகிறார்கள். வலப்பக்கம் ஒரு கொத்தளம் நீண்டிருக்கிறது. உள்ளே வர முயலும் வீரன் இடக்கையில் கேடயம் பிடித்திருப்பான். கேடயம் மறைக்காத வலப்பக்கம் கொத்தளத்துக்கு நேராக வரும். இந்த முற்றத்தில் ஒரு நிமிடம் நின்றாலே இலியட்டில் மதிலுக்கடியில் நடக்கும் சண்டைகள் கண்முன் வரும்.

இனி சிங்கங்கள். வாயிலின் திறப்பு சுமார் 3 மீட்டர். அதற்கு மேல் இங்கேயும் பளுவைப் பிரிக்கும் முக்கோணம். அதை மூட வைத்த 3 மீட்டருக்கு மேல் உயரமான பலகைக்கல்லில்தான் இரண்டு விலங்குகள் முன்கால்களைப் பீடத்தில் ஊன்றி நிற்கின்றன. நடுவில் கீழே ஒடுங்கி மேலே பருத்த தூண், கிரீட் தீவின் பாணி. தலைகள் இல்லை, அவற்றைத் தனியாகச் செய்து பொருத்தியிருந்தார்கள், கழுத்தில் அதற்கான துளைகள் தெரியும். அந்தத் தலைகள் வருபவரைப் பார்த்தபடி திரும்பியிருந்தன.

உள்ளே கால் வைக்குமுன் வாசற்படிக் கல்லையும் நிலையையும் பாருங்கள். கதவுக் குடுமி சுழன்ற குழிகள், உத்திரத்திலும் படியிலும். நிலைக்கால்களில் தாழ்க்கட்டை செருகிய சதுரத் துளைகள். எவ்வளவு பெரிய இரட்டைக் கதவு அங்கே சுழன்றது என்பதை அந்தக் குழிகளை வைத்தே ஊகிக்கலாம். மைசீனியில் மிக நெருக்கமாக மனிதக் கை தெரியும் இடம் இதுதான். சிங்கங்களைவிட இங்கே அதிக நேரம் நில்லுங்கள்.

படி 7: வட்டக் கல்லறையும் முகமூடியும்

வாயிலைத் தாண்டியதும் வலப்பக்கம் 27.5 மீட்டர் விட்டத்தில் பலகைக்கற்கள் இரட்டை வரிசையாக வட்டமிட்டு நிற்கும். 1876இல் ஜெர்மன் அகழாய்வாளர் ஹைன்ரிக் ஷ்லீமன் தோண்டியது இங்கே. அகமெம்னானும் அவனோடு வெட்டுண்டவர்களும் மதிலுக்கு உள்ளே புதைக்கப்பட்டார்கள், கிளைட்டெம்நெஸ்ட்ராவும் ஏஜிஸ்தஸும் அதற்குத் தகுதியற்றவர்கள் என்று வெளியே புதைக்கப்பட்டார்கள் என்கிறார் பௌசானியஸ். மதில் என்றால் கீழூரின் வெளிமதில் என்று மற்ற அறிஞர்கள் நினைத்தார்கள். ஷ்லீமன் கோட்டை மதில் என்று எடுத்துக்கொண்டு வாயிலுக்கு உட்புறம் தோண்டினார். ஐந்து குழிக்கல்லறைகள் கிடைத்தன. ஆறாவதை அடுத்த ஆண்டு கிரேக்கத் தொல்லியலாளர் பனாயியோட்டிஸ் ஸ்டமடாக்கிஸ் கண்டெடுத்தார். மொத்தம் 19 பேர்: 8 ஆண்கள், 9 பெண்கள், 2 குழந்தைகள். தங்கம் மட்டும் ஏறக்குறைய 14 கிலோ.

'அகமெம்னானின் முகத்தைக் கண்டேன்' என்று ஷ்லீமன் தந்தியடித்ததாக எங்கும் எழுதியிருக்கும். அந்த வாக்கியத்தோடு அவர் தந்தி எதையும் அனுப்பவில்லை. கிரீஸ் அரசருக்கு அவர் அனுப்பியது, பௌசானியஸ் சொல்லும் அகமெம்னான், அவன் டிராயிலிருந்து சிறைபிடித்து வந்த கசாண்ட்ரா, தேரோட்டி யூரிமெடான் ஆகியோரின் கல்லறைகளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற செய்தி. புகழ்பெற்ற முகமூடி 5ஆம் கல்லறையில் கிடைத்தது, கி.மு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. டிராய்ப் போர் நடந்ததென்றே வைத்துக்கொண்டாலும் அப்போது அந்த மனிதர் இறந்து 300 ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இதைக் கேட்டு ஏமாற்றம் அடைய வேண்டாம். இந்த வட்டத்தின் உண்மையான வியப்பு வேறு. குழிகள் 16ஆம் நூற்றாண்டு. சுற்றி நிற்கும் பலகைக்கல் வட்டமோ 13ஆம் நூற்றாண்டு. சிங்க வாயிலைக் கட்டியவர்கள் மதிலை வளைத்து இந்தப் பழைய கல்லறைகளை உள்ளே எடுத்துக்கொண்டு, தரையை உயர்த்தி, நடுகற்களை மேலே மீண்டும் நட்டு, வட்டம் கட்டினார்கள். தங்களுக்கு 300 ஆண்டு முந்தையவர்களை அவர்கள் முன்னோராகப் போற்றியிருக்கிறார்கள். ஹோமர் பிறப்பதற்கு வெகு முன்பே மைசீனிக்காரர்கள் தங்கள் வீரர்களைத் தாங்களே காவியமாக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்கு இந்த வட்டமே சாட்சி.

படி 8: மேலே ஏறுவது

சாய்தளம் வழியே மேலே போனால் அரண்மனை. எஞ்சியிருப்பவை அடித்தளங்கள்தான், தென்கிழக்கு மூலை சரிவில் சரிந்துபோய்ப் பின்னர் சீரமைத்தது. பெருமண்டபத்தின் நடுவில் வட்ட அடுப்பும் அதைச் சுற்றி நான்கு தூண்களும் இருந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். இப்படிப்பட்ட அரசனை, நேரியல் பி என்னும் எழுத்தில் எழுதிய அக்காலக் களிமண் பலகைகள் 'வனக்ஸ்' என்கின்றன. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த எழுத்தைப் படித்து அது கிரேக்கம் என்று காட்டிய பிறகு, ஹோமர் அகமெம்னானை அழைக்கும் 'அனக்ஸ்' என்ற சொல்லின் வேர் வெளிப்பட்டது. தெற்கே ஆர்கோஸ் சமவெளி முழுதும் விரிந்து கிடக்கும். ஊரைக் காவல் காத்தது இந்தப் பார்வைதான்.

பிறகு வடகிழக்கு மூலைக்கு நடங்கள். மதிலுக்குள் ஒரு கூரான வளைவு வாய். உள்ளே படிக்கட்டு, இரண்டு முறை திரும்பி, ஏறக்குறைய 18 மீட்டர் ஆழம் இறங்குகிறது. ஈரம், இருட்டு, வழுக்கல். கீழ்ப்படிகளைப் பெரும்பாலும் தடுத்துவைத்திருப்பார்கள், தடுப்பைத் தாண்டாதீர்கள். கோட்டைக்கு வெளியே உள்ள பெர்சியா ஊற்றின் நீரைச் சுடுமண் குழாய்களில் மண்ணுக்கடியில் கொண்டுவந்து இங்கே நிரப்பினார்கள். முற்றுகையிட்டவனுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று தெரியாது. தாகத்தில் காளானைப் பிடுங்கிய பெர்சியூஸின் கதையை இந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து படியுங்கள். வறண்ட குன்றில் தண்ணீர் காட்டியவனே ஊரை நிறுவியவன் என்று மக்கள் சொன்னது இங்கே இயல்பாகத் தோன்றும்.

வடக்கு வாயில் வழியே இறங்கினால் அருங்காட்சியகம். 2003இல் திறந்தது. தங்கப் பொருள்கள் இங்கே இருப்பவை நகல்கள். களிமண் உருவங்களும் அன்றாடப் பாத்திரங்களும் அசல். முக்கால் மணி நேரம் போதும். பிறகு வெளிவாசலுக்கு அருகே, மதிலுக்கு வெளியே, கிளைட்டெம்நெஸ்ட்ரா, ஏஜிஸ்தஸ் பெயர் கொண்ட இரண்டு கல்லறைகள். நேரம் குறைவென்றால் முதலாவது மட்டும். இப்போது பிற்பகல் ஆகியிருக்கும். சிங்க வாயிலுக்கு ஒரு நடை திரும்பிப் போங்கள், சிற்பத்தில் வெயில் விழுந்திருக்கும்.

படி 9: ஏதென்ஸில் ஒரு காலைப்பொழுது

மைசீனியின் தங்கத்தைப் பார்க்காமல் மைசீனியைப் பார்த்ததாகக் கணக்கில் வராது. ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் 4ஆம் அறை. கூட்டமெல்லாம் முகமூடியின் முன் நிற்கும். சிங்க வேட்டை பதித்த வெண்கலக் குத்துவாளைத் தேடுங்கள்: ஒரு சாண் அகலம்கூட இல்லாத பரப்பில் பெரும் கேடயங்களுக்குப் பின்னால் மனிதர்கள், ஒருவன் விழுந்து கிடக்கிறான். உடலை முழுதும் மறைக்கும் அப்படிப்பட்ட கேடயத்தை ஹோமர் கிரேக்க வீரன் அயாஸின் கையில் கொடுக்கிறார்.

அதைவிட முக்கியமானது பன்றிக்கொம்புத் தலைக்கவசம். காட்டுப்பன்றிக் கொம்புகளைப் பிளந்து தகடுகளாக்கி, வரிசை வரிசையாகத் தோலில் தைத்தது. வரிசைக்கு வரிசை கொம்பின் வளைவு எதிர்த்திசையில் திரும்புவதைப் பாருங்கள். இலியட்டின் 10ஆம் காண்டத்தில் மெரியோனீஸ் என்ற வீரன் ஒடிசியஸின் தலையில் வைப்பது இதே கவசம்: உள்ளே வாரால் இறுக்கம், வெளியே மாற்றி மாற்றி வைத்த வெண்கொம்புகள், நடுவில் கம்பளி. ஹோமர் காலத்தில் அப்படியொரு கவசத்தை யாரும் அணியவில்லை. ஐந்து நூற்றாண்டுகளாக வாய்மொழியில் மட்டும் வந்த விவரம், மண்ணிலிருந்து எடுத்த பொருளோடு தையல் வரை பொருந்துகிறது. கதையின் காலமும் கல்லின் காலமும் உண்மையாகவே தொட்டுக்கொள்ளும் இடம் என்று இந்தக் கண்ணாடிப் பெட்டியைத்தான் காட்ட வேண்டும்.

படி 10: நேரம் இருந்தால்

ஹெராக்கிளீஸின் வழியில் போக விரும்புபவர்களுக்குத் தூரம் ஒன்றும் பெரிதில்லை. அவன் வசித்த டிரின்ஸ் நாஃப்பிலியோவுக்கு வடக்கே சில கி.மீ. சிங்கத்தைக் கொன்ற நெமியா மைசீனிக்கு வடக்கே மலைக்கு அந்தப்பக்கம். பலதலைப் பாம்பு வாழ்ந்த லெர்னா ஆர்கோஸுக்குத் தெற்கே, கடலோரம். வண்டி இருந்தால் மூன்றும் ஒரு நாள் வேலை. முதல் இரண்டு வேலைகளும் யூரிஸ்தியஸின் அரண்மனைக்கு எவ்வளவு பக்கத்தில் நடந்தவை என்பது வரைபடத்தில் பார்ப்பதைவிடச் சாலையில் போகும்போது நன்றாகப் புரியும்.

புராணத்துக்கு வெளியே, வரலாற்றில் மைசீனியின் வீரம் பாரசீகப் போர்களில் பதிவாகியிருக்கிறது. கி.மு. 480இல் பாரசீகரைத் தடுக்கத் தெர்மாப்பிலைக் கணவாய்க்கு அந்தச் சிறு ஊர் 80 பேரை அனுப்பியது. பெரிய நகரமான ஆர்கோஸ் யாரையும் அனுப்பவில்லை. அந்தப் பொறாமையில்தான் ஆர்கோஸ் மைசீனியை அழித்தது என்கிறார் பௌசானியஸ். பாரசீகரோடு போரிட்டு வென்ற கிரேக்க நகரங்களின் பெயர்களைப் பொறித்து, குறி சொல்லும் கோயில் இருந்த டெல்ஃபியில் நட்ட வெண்கலப் பாம்புத்தூண் இப்போது இஸ்தான்புல்லில், பழைய குதிரைப்பந்தய மைதானத்தில் நிற்கிறது. பாம்புத் தலைகள் போய்விட்டன. பெயர்கள் இருப்பது கீழ்ச் சுருள்களில், இன்றைய தரைமட்டத்துக்கும் தாழ்வான குழிக்குள். வேலிக்கு வெளியே நின்று குனிந்தாலும் எழுத்து தெளிவாகத் தெரியாது. ஒரு சிறு தொலைநோக்கியும் அந்தப் பட்டியலின் படியொன்றும் கொண்டுபோங்கள். மைசீனிக்காரர்களின் பெயரும் அந்தச் சுருள்களில் ஒன்றில் இருக்கிறது.